மழையில் கேட்ட கையெழுத்து

தகரக் கூரையின் மேல் அப்படி மழை அடித்துக்கொண்டிருந்தபோது, மீனாள் எழுதுகிற கையைச் சிலேட்டிலிருந்து தூக்கினாள் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? பத்து வருடங்களுக்கு மேலாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு விடை தெரியாது. தெரிந்ததுபோல் எழுதப் போவதும் இல்லை.

இன்று காலை ஆபீஸ் அறையில் காலண்டர் தாளைக் கிழித்தேன். பியூன் லீவு. தாள் பாதி வந்து, பசை ஒட்டியிருந்த இடத்தில் சிக்கி நின்றது. மறுபடி இழுத்தபோது வந்தது. கிழிபடும் சத்தம் ஒரு கணம் அறுந்து பிறகு தொடர்ந்தது. அந்த அறுந்த இடத்தில் நீங்கள் “தூக்கிட்டே” என்றீர்கள். போனவர்களின் குரல் கேட்கிறது என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இதையும் ஞாபகம் என்றுதான் சொல்வேன். ஆனாலும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் போய்விட்டதாகக் கந்தர்வக்கோட்டையிலிருந்து உங்கள் தம்பி போட்ட கார்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த மூன்று வாரத்தில் நான் உங்களை முழுதாக நினைத்துப் பார்த்தது இன்றைக்குத்தான்.

சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த வருடம் திருமயத்துப் பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்தேன். சென்னையில் பி.ஏ.யும், ஆசிரியப் பயிற்சியான எல்.டி.யும் முடித்தவள். முப்பது வயது நிறையவில்லை. எதையும் ஆதாரம் இல்லாமல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற தீர்மானம் மட்டும் நிறைந்திருந்தது. நீங்கள் அங்கே எனக்கு முன்பிருந்தே நாலாம் வகுப்பு டீச்சர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். உங்கள் கணவர் பினாங்குக்குக் கப்பலேறிப் போய்த் திரும்பவில்லை என்பதை மற்ற டீச்சர்கள் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். நீங்களே உரத்த குரலில் சொன்னீர்கள்.

“அவரு அங்கிட்டு நல்லா இருக்காரு, நான் இங்கிட்டு நல்லா இருக்கேன். நடுவுல கடலும் நல்லாத்தான் இருக்கு.”

எங்கள் பள்ளியில் நாலாம் வகுப்பில்தான் இங்கிலீஷ் தொடங்கும். எழுத்துகளைத் தனித்தனியே எழுதிப் பழகியதும் கூட்டெழுத்து, அதாவது சேர்த்து எழுதுவது. மற்ற பள்ளிகளில் காப்பி நோட்டில் அச்சடித்திருக்கும் நீதி வாக்கியங்களைப் பார்த்து எழுத வைப்பார்கள். நீங்கள் சுவரில் தொங்கிய ஜவுளிக்கடைக் காலண்டரைக் காட்டினீர்கள். திங்கட்கிழமை ‘மண்டே’ மட்டும். செவ்வாய்க்கிழமை ‘டியூஸ்டே’ மட்டும். அதற்குக் கீழே அந்த மாதத்தின் பெயர். அவ்வளவுதான் பாடம். எந்த நாளின் பெயரையும் அந்த நாளில் தவிர வேறு நாளில் எழுத விடமாட்டீர்கள்.

எனக்கு இது சோம்பேறித்தனமாகப் பட்டது. நேராகவே சொன்னேன். “ஒரே வாரத்தில் எல்லாக் கிழமைகளையும் சொல்லிக் கொடுத்துவிட்டு வாக்கியத்துக்குப் போகலாமே, டீச்சர்?”

“நாளைக்கு வர்ற நாளை இன்னைக்கே எழுதி என்ன பண்ணப் போறோம், எச்செம்? அது வரட்டும். வந்தா எழுதிருவோம்.”

“மே மாதம் பள்ளிக்கூடமே கிடையாது. மே என்ற வார்த்தையை இவர்கள் எப்போது எழுதுவார்கள்?”

“வெயில்ல வீட்டுல சும்மாதானே கெடக்கும்ங்க. அதுகளே எழுதிக்கும்.”

பிறகு என் மேஜையில் கிடந்த ஒரு தாளைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தீர்கள். “இது ஒங்க கையெழுத்தா? பி.ஏ. வரைக்கும் படிச்சு இப்படி ஆயிப்போச்சேங்க. மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் எழுதுங்க, அவரு புரிஞ்சுக்குவாரு.”

உங்கள் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. முதலில் வரும் பெரிய எழுத்துக்குப் பிறகு கையை எடுத்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் வார்த்தை முடியும் வரை குச்சி சிலேட்டை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் யாரும் அடிக்கப் போவதில்லை. ஆனால் எழுதியவளே “தூக்கிட்டேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு அழித்து மறுபடி எழுத வேண்டும். “எழுத்து அதுகளுக்கே தெரியும். ஒரு எழுத்துல இருந்து அடுத்த எழுத்துக்குப் போற வழியத்தான் நாம சொல்லித் தரணும்” என்பீர்கள். நான் அதை ரசிக்கவில்லை. படித்த இடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்த கற்பித்தல் முறைகளில் அப்படி ஒன்று இருக்கவில்லை.

என் சந்தேகத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு சந்தை நாளில். ஒரு விவசாயி, தோளில் துண்டோடு, ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

“அம்மா, நாலாங்கிளாஸ் டீச்சரு எம் புள்ளைக்கு என்ன மருந்து வச்சாக?”

“ஏன், என்ன ஆச்சு?”

“சந்தைக்கு வா, தம்பியத் தூக்கிக்க, வண்டியில ஏறுன்னா மாட்டேங்குது. இன்னைக்கு விட்டா அடுத்த திங்கக்கெழமதான் எழுத முடியுமாம். அழுவுது. திங்கக்கெழமையில அப்படி என்னங்க இருக்கு? எங்களுக்கு வருசம் பூராவும் அது வந்துக்கிட்டுதானே இருக்கு?”

நீங்கள் வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தீர்கள். “வருதுல்லங்க? வர்றவகளை வாங்கன்னு கூப்புட வேண்டாமா? அதத்தான் ஒங்க மக செய்யணுங்குறா. நீங்க முன்னாடி போங்க. எழுதிட்டு மத்தியானம் வந்துருவா.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். வாசல் தாண்டியதும் சிரித்தார். நான் பார்த்தேன். சந்தை நாளில் பாதிப் பள்ளி காலியாக இருக்கும் ஊரில் உங்கள் வகுப்பில் மட்டும் எல்லா இடமும் நிறைந்திருந்தது. வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே கிடைக்கிற ஒரு வார்த்தைக்காகப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். நான் யோசித்தே இராத விஷயம் அது.

இப்படி ஒன்பது, பத்து வருடம் போயிற்று. நாம் தோழிகள் ஆனோம் என்று சொல்லலாம். என்னை வாய்விட்டுக் கேலி செய்ய நான் அனுமதித்த ஒரே ஆள் நீங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை உங்கள் வகுப்பு ஜன்னலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். நீங்கள் குச்சியால் காலண்டரைச் சுட்டினீர்கள். “அங்க பாருங்க. என்ன நாளு போட்டிருக்கு? சத்தமாச் சொல்லுங்க.”

நானும் பார்த்தேன். காலண்டரில் வியாழக்கிழமை இருந்தது. காலையில் யாரும் தாளைக் கிழிக்கவில்லை.

பிள்ளைகள் காலண்டரைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோருமாக, “ஃப்ரைடே!” என்று கத்தினார்கள்.

“பாத்தீங்கள்ல? அதப் பாத்து எழுதுங்க” என்றீர்கள், வியாழக்கிழமையைக் காட்டிக்கொண்டே.

அடுத்து மாதத்தைக் கேட்டீர்கள். அதையும் எல்லோரும் கத்திச் சொன்னார்கள், வழக்கத்தைவிட உரக்க. அந்தக் கத்தலுக்குள் முதல் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, காலண்டர் தாளைக் கிழித்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நீங்கள் திரும்பவில்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்களுக்குக் கண் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த வகுப்புக்கு அது எப்போதோ தெரிந்திருந்தது. உங்களுக்குக் காட்டிக்கொடுக்காமல் உங்கள் கண்ணாக இருப்பது எப்படி என்பது வரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைகள்.

சாயந்திரம் பள்ளி விட்டதும் கேட்டேன். நீங்கள் மறைக்கவில்லை.

“ரெண்டு மூணு வருசமா சுருங்கிக்கிட்டே வருது. மதுரை டாக்டர் சொல்லிட்டாரு, போனது வராதாம். இப்ப வெளிச்சம் தெரியும், ஆளு நிக்கிறது தெரியும். எழுத்துத் தெரியாது.”

“பிறகு எப்படித் திருத்துகிறீர்கள்? தினமும் திருத்துகிறீர்களே.”

“கேட்டுத்தான்.”

என் சந்தேகம் உங்களுக்குப் பழக்கமானது. “நம்பலதானே? அந்தா சிலேட்டு கெடக்கு, எடுத்து எழுதுங்க. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிறேன்.”

பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து ‘வெட்னஸ்டே’ எழுதினேன். வேண்டுமென்றே நடுவில் ஓரிடத்தில் குச்சியைத் தூக்கி வைத்தேன். “எஸ்ஸுக்கு அப்புறம்” என்றீர்கள் சுவரைப் பார்த்தபடி. மறுபடி எழுதினேன். இந்த முறை தூக்கவே இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே இடது கை நகத்தால் சிலேட்டின் ஓரத்தில் லேசாகத் தட்டினேன்.

“அது நகம்” என்றீர்கள். “சின்னப் பிள்ளைக மாதிரி ஏமாத்தாதீங்க, எச்செம்.”

குச்சியைக் கீழே வைத்தேன். ஆனால் ஒருத்தி எழுதுவதைக் கேட்பது சாத்தியம்தான் என்று உடனே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் உங்கள் வகுப்பின் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஒரு வரிசை எழுதும்போது மற்ற வரிசைகள் கையைக் கட்டிக்கொண்டிருந்தன. எட்டுக் குச்சிகள் ஒன்றாகக் கல் சிலேட்டில் ஓடின. எனக்குக் கேட்டது ஒரே இரைச்சல். நீங்கள் முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் நடந்தீர்கள். “மூணாவது, தூக்கிட்டே. கடைசிப் பொண்ணு, வாலை இழுக்காம விட்டுட்டே.” எழுந்து போய் அந்த இரண்டு சிலேட்டையும் பார்த்தேன். சரியாக இருந்தது. நான் படித்த எதையும் வைத்து அதை விளக்கிவிடலாம். ஆனால் விளக்கிய பிறகும் அது அப்படியே என் முன்னால் நின்றது.

அந்த வருடம் ஐப்பசியில் இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் திருச்சியிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. புதிதாக வந்தவர், கண்டிப்பானவர் என்று கேள்வி. கண் தெரியாத டீச்சரை வேலையில் வைத்திருக்க விதி இடம் தராது. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

“லீவு போட்டுவிடுங்கள். வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன்.

“இந்த வருசம் போட்டா? அடுத்த வருசமும் அவுக வருவாகல்ல?”

“வேலை போய்விடும், டீச்சர்.”

“போனா தம்பி வீட்டுல ஒக்காந்து முந்திரிக்கொட்டை ஒடைக்க வேண்டியதுதான். கண்ணு தெரிஞ்சவளுக்கே அந்தப் பாலு பட்டுக் கையெல்லாம் வெந்துபோகும். எனக்கு விரலே மிஞ்சாது.” சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். பிறகு சிரிக்காமல், “எனக்கு இந்தக் கிளாஸ் வேணும், எச்செம். வேற ஒண்ணும் வேண்டாம்” என்றீர்கள்.

புதன்கிழமை அந்த அம்மாள் வந்தார். முதல் மூன்று வகுப்புகளைப் பார்த்துவிட்டு உங்கள் வகுப்புக்குள் நுழைந்தார். நாலாம் வகுப்பு தனியாக ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர் பதிலுக்கு வணக்கம் சொல்ல, நீங்கள் அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டீர்கள். ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. நான் வாசலருகே நின்றேன். இரண்டாவது வரிசை எழுதத் தொடங்கியபோது மழை பிடித்தது.

ஐப்பசி மழை எப்படித் தகரத்தில் இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். உங்களுக்கு இப்போது கண்ணும் இல்லை, காதும் இல்லை.

“எழுதியாயிற்றா? திருத்துங்கள், பார்க்கலாம்!” என்று அவர் உரக்கச் சொன்னார்.

நீங்கள் வரிசை ஓரமாக நடந்தீர்கள். எப்போதும் போல, முகத்தை மேலே தூக்கி. யாரையும் தொடவில்லை. குனியவில்லை. அந்த வரிசையில் மீனாளைத் தாண்டி ஓர் அடி போய்விட்டு நின்று, மழைக்கு மேல் கத்தினீர்கள். “மீனா, ரெண்டாவது டி-க்கு முன்னால தூக்கிட்டே. ஏன் சொல்லல?”

மீனாள் எழுந்து நின்றாள். “தூக்கிட்டேன் டீச்சர்” என்றாள். அவள் உதட்டசைவில்தான் எனக்கு அது தெரிந்தது.

இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் அவள் சிலேட்டை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டாவது டி-க்கு முன்னால் ஓர் இடைவெளி இருந்தது, தலைமுடி அகலத்துக்கு. அவர் சிலேட்டையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “பேஷ்! இந்த இருட்டில், அவ்வளவு தள்ளி நின்று! உங்களுக்கு என்ன கண் இது, அம்மா!” என்று கத்தினார். பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

எல்லாம் முடிந்தது, பிழைத்தோம் என்று நினைத்தேன். நீங்கள் நின்ற இடத்திலிருந்தே, மழையை மீறிக் கத்திச் சொன்னீர்கள்.

“எனக்குக் கண்ணு தெரியாதுங்கம்மா. காதாலதான் பாப்பேன். இன்னைக்கு மழையில காதும் கேக்கல. இப்பச் சொன்னது குத்துமதிப்பாச் சொன்னது. அதையும் சேத்து எழுதிக்கங்க.”

அந்த அம்மாள் பேனாவை மூடினார். உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. என் காதருகே வந்து, “உங்களுக்குத் தெரியுமா?” என்றார். “தெரியும்” என்றேன். “நாளைக்கு வருகிறேன்” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு, தங்கியிருந்த பங்களாவுக்குப் போய்விட்டார்.

அன்று மாலை உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. “அவர் எழுதிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே. ஏன் சொன்னீர்கள்?”

“தூக்குனா தூக்கிட்டேன்னு சொல்லணும்னு அதுகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அத்தனையும் என்னையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு. நான் மட்டும் சும்மா இருந்துர முடியுமா?”

“உண்மையிலேயே குத்துமதிப்புதானா?”

“பின்னே?” என்றீர்கள். பிறகு சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு ஆமாம் என்றதா, இல்லை என்றதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

யோசிக்காத விளக்கம் இல்லை. மீனாள் எப்போதும் அந்த இடத்தில் தூக்குகிறவளா என்று விசாரித்தேன். இல்லை, அன்றுதான் முதல் தடவை, அந்த அம்மாளைப் பார்த்த பயத்தில். யாராவது ஜாடை காட்டினார்களா என்று ஒவ்வொரு பெண்ணாகக் கேட்டேன். ஜாடை காட்டினால் டீச்சருக்கு எப்படித் தெரியும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். அந்தக் குழந்தை மூச்சைப் பிடித்து விட்டதை உணர்ந்தீர்களோ? தற்செயலோ? தற்செயல் என்றால் எத்தனை பேரில், எத்தனை எழுத்தில், சரியாக அந்த ஒன்று? ஊகம் என்று நீங்களே சொன்ன பிறகு நான் யார் அதை அற்புதம் என்று சொல்ல? ஆனால் உங்கள் வாக்குமூலத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. உங்களுக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போயிருக்கலாம். இத்தனை நாள் எழுத்து கேட்டுக் கேட்டு, கேட்காதபோதும் அந்த வரிசை உங்களுக்குள் எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம். இதற்கும் ஆதாரம் இல்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது சின்னது. இப்போது நான் மாற்றலாகி வந்திருக்கும் புதுக்கோட்டைப் பள்ளியில் யாராவது ஒரு பெண் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து எழுதினால், நான் தாளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கிறேன். பேனா தாளை விட்டு எழும்புவது எனக்குக் கேட்கிறது. ஒருத்தி எழுதினால் மட்டும். இரண்டு பேர் எழுதினால் குழம்பிவிடுகிறது. எட்டுப் பேரை நினைத்துப் பார்ப்பதோடு சரி.

மறுநாள் நடந்ததை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன், நடந்தபடியே.

வியாழக்கிழமை வெயில் அடித்தது. இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் தனியாக வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் உங்கள் வகுப்புக்குள் போனார். பிள்ளைகளைப் பார்த்து வாயில் விரலை வைத்தார். கடைசி வரிசை ஓரத்தில் ஒரு பெண்ணைத் தள்ளி உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டு, அவள் சிலேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த வரிசையின் முறை வந்தது. அவரும் சேர்ந்து எழுதினார்.

நீங்கள் நடு வழியில் நின்றீர்கள். “கடைசியில யாரு? புதுக் கையா இருக்கே. ரொம்ப அழுத்துறே, குச்சி ஒடஞ்சுபோகும். ஒய்யுக்கு முன்னால தூக்கிட்டே. தூக்கினா சொல்லணும்னு தெரியாதா?”

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த அம்மாள் தன் சிலேட்டைப் பார்த்தார். “தூக்கிட்டேன் டீச்சர்” என்றார்.

குரலைக் கேட்டதும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது, முகத்தில் பார்த்தேன். ஆனால் நீங்கள் கும்பிடவில்லை. “அழிச்சிட்டு எழுதுங்க” என்றீர்கள். ‘எழுது’ மட்டும் ‘எழுதுங்க’ ஆகியிருந்தது. அவர் முந்தானையால் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். நீங்கள் கடைசி வரை கேட்டீர்கள். “இப்பச் சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனீர்கள்.

ஆபீஸ் அறையில் அவர் பேனாவை எடுத்தார், திறக்கவில்லை. “வெயில் நாளில் அந்த டீச்சரே போதும். மழை நாளில் யார் பார்ப்பது?” என்றார்.

“நான்” என்றேன்.

“வாயால் சொன்னால் போதாது. மழை பெய்யும்போதெல்லாம் நீங்கள் அந்த வகுப்பில் இருக்க வேண்டும்.”

“இருக்கிறேன்.”

அவர் பேனாவைத் திறந்தார். நாலாம் வகுப்பின் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று எழுதினார். மழைக்காலத்தில் தலைமையாசிரியை உடனிருந்து பார்வையிட வேண்டும் என்று இன்னொரு வரி எழுதினார். கையெழுத்துப் போட்டார். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பகல் பஸ்ஸில் திருச்சிக்குப் போய்விட்டார்.

மத்தியானம் கோட்டைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் துளிகள் தகரத்தில் விழுந்ததும், எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உங்கள் கொட்டகைக்கு ஓடினேன். வாசலில் நான் நின்றது உங்களுக்கு நிழலாகத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பிள்ளைகள் பக்கம் திரும்பி, மழைக்கு மேலாகக் கத்தினீர்கள்.

“எந்திரிங்க பிள்ளைகளா, என் கண்ணு வருது!”

வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது.